ஃபாரடே: துருப்பிடிக்காத உலோகத்தைத் தேடி உலையோடு மல்லுக்கட்டிய கொல்லர் மகன்

மைக்கேல் ஃபாரடே என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பள்ளிக்கூட அறிவியல் புத்தகம், ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், அதில் பிறக்கும் மின்சாரம். அவ்வளவுதான். ஆனா, 1831இல் அந்தக் கண்டுபிடிப்பு வருவதற்கு முன்னாடி, பத்து வருடத்துக்கும் மேல் அவர் பல நாள் நின்றது உலை முன்னாடிதான். எந்த உலோகத்தை எதோடு கலந்தால் துரு பிடிக்காது? கொதிக்கிற உலைக்குள் எந்த உலோகம் உருக்குலையாமல் நிற்கும்? இந்த இரண்டு கேள்விகளும் அவரை விடவே இல்லை.

இன்றைக்கும் கரும்பு ஆலை பாய்லர் குழாயில் தொடங்கி, வார்ப்புப் பட்டறை, கண்ணாடித் தொழிற்சாலை, வீட்டில் இருக்கும் அயர்ன் பாக்ஸ் வரைக்கும் இதே கேள்விதான். தப்பான உலோகத்தைப் பொருத்தினால் குழாய் வெடிக்கும்; பக்கத்தில் நிற்கிறவர் உயிருக்கே ஆபத்து.

சரி, லண்டன்காரர் ஒருவரின் கதையைக் கள்ளக்குறிச்சியில் இருந்து ஏன் பார்க்கணும்? காரணம் இருக்கு. ஃபாரடேவின் உலோகத் தேடல் தொடங்கியதே தென்னிந்தியா பேர் வாங்கிய ஒரு எஃகைப் பார்த்துத்தான். அந்த வகை எஃகைத் தயாரித்த தடயம் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே கிடைத்திருக்கிறது.

கொல்லப்பட்டறை வீட்டுப் பிள்ளை

1791 செப்டம்பர் 22ஆம் தேதி, லண்டனை ஒட்டிய நியூவிங்டன் பட்ஸில் ஃபாரடே பிறந்தார். அப்பா ஜேம்ஸ், ஒரு கொல்லர். உடம்பு சரியில்லாதவர்; தினமும் பட்டறையில் நிற்க முடியாது. வேலை இல்லாத நாளில் வீட்டில் வறுமை. துருத்தி ஊதும் சத்தமும் சம்மட்டிச் சத்தமும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, பெரிய படிப்பு எதுவும் கிடைக்கவில்லை. எழுதப் படிக்க, கொஞ்சம் கணக்கு. அதோடு சரி.

14 வயதில் ஜார்ஜ் ரீபோ என்பவரின் கடையில் புத்தகம் பைண்டிங் செய்யும் வேலைக்குச் சேர்ந்தார். ஏழு வருடப் பயிற்சி. தைக்க வந்த புத்தகங்களையே படித்தார். 1812இல், கடை வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த டிக்கெட்டில், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டார். எடுத்த குறிப்புகளை அழகாக பைண்ட் செய்து டேவிக்கே அனுப்பி வைத்து, வேலை கேட்டார். 1813 மார்ச் 1ஆம் தேதி ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது. சோதனைக் கருவிகளைக் கழுவி வைப்பது, சொற்பொழிவுக்கு மேசை தயார் செய்வது, உலையை மூட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு.

கொல்லரின் மகன் மறுபடியும் நெருப்புக்கு முன்னாடியே வந்து நின்றார். இந்த முறை கையில் தராசும் நோட்டுப் புத்தகமும் இருந்தன.

லண்டனுக்குப் போன இந்திய எஃகு

அந்தக் காலத்து ஐரோப்பியக் கத்தி வியாபாரிகளிடம் ஒரு பேச்சு இருந்தது. இந்தியாவிலிருந்து வரும் சின்னச் சின்ன எஃகுக் கட்டிகளுக்கு ஈடான எஃகு எங்கேயும் இல்லை என்பதுதான் அது. அந்த எஃகை அவர்கள் ஊட்ஸ் என்றார்கள். கன்னடத்தில் உக்கு, தமிழில் உருக்கு என்று வழங்கும் சொல்தான் வாய் மாறி அப்படி ஆனது என்று பலர் சொல்வார்கள்.

1794இல் பம்பாயிலிருந்து ஹெலனஸ் ஸ்காட் என்ற மருத்துவர், ராயல் சொசைட்டியின் தலைவரான ஜோசப் பேங்க்ஸுக்கு ஊட்ஸ் கட்டிகளை அனுப்பி வைத்தார். லண்டனில் அறுவை சிகிச்சைக் கருவியும் கத்தியும் செய்யும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அதில் கத்தி செய்து பார்த்தார். அதன் பிறகு அவருக்கு அந்த எஃகின் மேல் தீராத மோகம். இங்கிலாந்து எஃகில் எதைச் சேர்த்தால் இந்தத் தரம் வரும்? விடை தெரிந்தால் ஷெஃபீல்ட் ஆலைகளுக்குக் கொள்ளை லாபம். இந்தியாவிலிருந்து மாதிரி வரும், ரகசியம் அங்கே பிரித்துப் பார்க்கப்படும், சரக்கு அங்கே தயாராகும். கம்பெனி ஆட்சிக் காலத்தின் வழக்கமான பாதை இது.

1818 வாக்கில் ஸ்டோடார்ட்டும் ஃபாரடேவும் சேர்ந்து வேலையைத் தொடங்கினார்கள். 1819இல் ஊட்ஸை வேதியியல் முறையில் பிரித்துப் பார்த்து ஃபாரடே ஒரு கட்டுரை எழுதினார். அதில் கொஞ்சம் அலுமினாவும் சிலிக்காவும் தெரிந்தன. அலுமினியம்தான் இந்த எஃகின் ரகசியம் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

அந்த முடிவு தப்பு. ஊட்ஸின் ரகசியம் முக்கியமாகக் கார்பன். சாதாரணக் கட்டடக் கம்பியில் கார்பன் 0.2 சதவீத அளவில் இருக்கும்; ஊட்ஸில் சுமார் 1 முதல் 2 சதவீதம் வரை. அதோடு, உருகிய கட்டியை எவ்வளவு மெதுவாக ஆறவிடுகிறோம், எந்தச் சூட்டில் தட்டுகிறோம் என்பதும் சேர்ந்துதான் அந்தத் தரத்தைக் கொடுத்தது. ஆனா, ஃபாரடேவின் இந்தத் தப்பான ஊகம் ஒரு நல்ல கேள்வியைக் கிளப்பியது. எஃகில் வேறு உலோகத்தைச் சேர்த்தால் அதன் குணம் மாறுமா?

மேல்சிறுவள்ளூர் ஓடுகள் சொல்வது

இங்கே கொஞ்சம் நம்ம ஊருக்கு வருவோம். சங்கராபுரம் பகுதியில் இருக்கிறது மேல்சிறுவள்ளூர். பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த இந்த ஊர், விழுப்புரம் மாவட்டத்துக்குப் போய், 2019இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு வந்தது. மேற்கே கல்வராயன் மலை.

இங்கே கிடந்த உடைந்த மண் மூசைகளை, அதாவது உலோகம் உருக்கும் மண் குப்பிகளை, உலோகத் தொல்லியல் ஆய்வாளர் சாரதா ஸ்ரீனிவாசன் 1990களில் ஆய்வு செய்தார். இது ஊட்ஸ் வகை எஃகு தயாரித்த இடம் என்பதை 1994இல் எழுதி உலகுக்குச் சொன்னார். லண்டனில் ஃபாரடே பிரித்துப் பார்த்த கட்டி இந்த ஊர்க் கட்டி என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனா அதே தொழில்நுட்பக் குடும்பத்தைச் சேர்ந்த உலைகள் இங்கேயும் எரிந்திருக்கின்றன.

அந்த மூசையே ஒரு பெரிய தொழில்நுட்பம். சுத்தமான இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். கார்பன் ஏற ஏற உருகும் சூடு இறங்கும். அதனால் இரும்போடு கரியும் இலை தழையும் வைத்து மூசையை மூடி, நெடுநேரம் சுட்டார்கள். அவ்வளவு சூட்டில் சாதாரண மண் பானை இளகி உட்கார்ந்துவிடும். அதற்குத் தென்னிந்தியக் கைவினைஞர்கள் கண்ட வழி, களிமண்ணோடு நெல் உமியைப் பிசைவது. உமி கருகி மண்ணுக்குள் கார்பனையும் சிலிக்காவையும் விட்டுப்போகும். மூசை சூட்டைத் தாங்கும். உலைக்கு உள்ளே எது நிற்கும் என்ற கேள்விக்கு இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு விடை இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர்களின் பெயர்தான் எந்த ஏட்டிலும் இல்லை.

ஒரு சதவீதம் போட்டதும் மோசமானது

திரும்ப லண்டன். ராயல் இன்ஸ்டிடியூஷனின் கீழ்த்தளத்தில் சின்ன உலையும் துருத்தியும் வைத்து, ஃபாரடேவும் ஸ்டோடார்ட்டும் கைக்குக் கிடைத்த உலோகத்தை எல்லாம் எஃகில் கலந்தார்கள். பிளாட்டினம், ரோடியம், வெள்ளி, தங்கம், நிக்கல், பல்லேடியம், குரோமியம் என்று பட்டியல் நீளும். 1820இலும் 1822இலும் கட்டுரைகள் வெளிவந்தன. எஃகோடு வேறு உலோகங்களை இப்படி வரிசையாகக் கலந்து ஆராய்ந்த முதல் சிலரில் இவர்களும் உண்டு.

கிடைத்த முடிவுகள் அவர்களையே குழப்பின. பிளாட்டினம் எளிதில் அரிக்காத உலோகம். அப்போ அதைக் கொஞ்சம் சேர்த்தால் எஃகும் அரிக்காமல் இருக்கணும்தானே? நடந்தது தலைகீழ். நூற்றுக்கு ஒரு பங்கு பிளாட்டினம் சேர்த்த எஃகைத் தண்ணீர் கலந்த கந்தக அமிலத்தில் போட்டால், சாதாரண எஃகைவிடப் பல மடங்கு வேகமாகக் கரைந்தது. ஒரே கட்டிக்குள் இருக்கும் இரண்டு உலோகங்கள் அமிலத்தில் சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்து, இரும்பைத் தின்ன வைக்கின்றன. ஆனா, பிளாட்டினமும் எஃகும் சரிபாதி கலந்த கட்டியோ கண்ணாடி மாதிரி பளபளத்தது, மங்கவே இல்லை.

நிக்கலும் இப்படித்தான் கண்ணாமூச்சி ஆடியது. சுத்த இரும்போடு சேர்த்தால் துரு கொஞ்சம் குறைந்தது. எஃகோடு சேர்த்தால் துரு இன்னும் வேகமாக ஏறியது. ஆக, ஒரு உலோகம் நல்லதா கெட்டதா என்று தனியாகச் சொல்ல முடியாது. எதோடு சேர்கிறது, எவ்வளவு சேர்கிறது என்பதுதான் கணக்கு.

குரோமியத்தில் அவர்கள் வெற்றிக்கு ரொம்பப் பக்கத்தில் வந்தார்கள். எஃகில் 1 சதவீதமும் 3 சதவீதமும் குரோமியம் கலந்து பார்த்தார்கள். நல்ல கெட்டியான எஃகு கிடைத்தது. துரு ஓடிவிடவில்லை. இன்று நாம் எவர்சில்வர் என்று கூப்பிடும் எஃகுக்குக் குறைந்தது 10.5 சதவீதமாவது குரோமியம் வேண்டும். அன்றைக்குக் குரோமியம் உலோகம் கிடைப்பதே அபூர்வம். அதை உருக்க 1,900 டிகிரிக்கு மேல் சூடு தேவை.

இன்னொரு தடையும் இருந்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட அடிப்படை எஃகிலேயே கார்பன் அதிகம். கார்பன் குரோமியத்தைப் பிடித்துத் தன்னோடு கட்டிப்போட்டுவிடும். துருவைத் தடுக்கக் குரோமியம் மிச்சம் இருக்காது. எந்தக் கார்பன் ஊட்ஸுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததோ, அதே கார்பன்தான் துருப்பிடிக்காத எஃகுக்கு எதிரி. வெட்டுக்கு நல்ல எஃகும் துருவுக்கு நல்ல எஃகும் வெவ்வேறு வழி கேட்கின்றன.

ஷெஃபீல்டில் பெரிய அளவிலும் சில கலவைகளைச் செய்து பார்த்தார்கள். ஆனா, பிளாட்டினத்துக்கும் ரோடியத்துக்கும் யார் விலை கொடுப்பது? 1823இல் ஸ்டோடார்ட் இறந்துபோனார். கொஞ்ச நாளில் அந்த வேலையும் நின்றது. ஃபாரடேவிடம் மிஞ்சியது சில கட்டிகளும், நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்த சவரக்கத்திகளும்தான்.

கப்பல் துரு நின்றது, பாசி வந்தது

அடுத்த பாடம் கடலில். பிரிட்டிஷ் கப்பல்களின் அடிப்பாகத்தில் செம்புத் தகடு அடித்திருப்பார்கள். உப்புத் தண்ணீர் அதை அரித்துவிடும். 1824இல் டேவி ஒரு யோசனை சொன்னார்: செம்போடு துத்தநாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ சேர்த்து வைத்தால், கடல் அந்தத் துண்டைத் தின்னும், செம்பு தப்பிக்கும். சோதனை வேலைகளில் ஃபாரடேவுக்கும் பங்கு உண்டு.

யோசனை பலித்தது. செம்பு அரிக்கவில்லை. ஆனா, அரிக்கிற செம்பிலிருந்து கரையும் விஷம்தான் அதுவரை பாசியையும் சிப்பியையும் விரட்டிக்கொண்டிருந்தது. செம்பு பத்திரமானதும் கப்பலின் அடியில் பாசியும் சிப்பியும் அப்பிக்கொண்டன. கப்பலின் வேகம் போனது. அடுத்த வருடமே கடற்படை திட்டத்தைக் கைவிட்டது. ஆய்வகத்தில் ஜெயித்த உலோகம், வேலை செய்யும் இடத்தில் தோற்கலாம் என்பதை ஃபாரடே நேரிலேயே பார்த்தார். அதே துத்தநாகத் துண்டு உத்திதான் இன்றைக்கு இரும்புக் கப்பல்களையும் மண்ணுக்குள் போகும் குழாய்களையும் காப்பாற்றுகிறது என்பது வேறு கதை.

உலைக்குள் ஓட்டை விழுந்த பிளாட்டினத் தட்டு

1820களின் நடுவில் அரசாங்கத்துக்கு நல்ல தொலைநோக்கிக் கண்ணாடி தேவைப்பட்டது. ஜெர்மனியில் ஃபிரான்ஹோஃபர் செய்த தரம் இங்கிலாந்தில் வரவில்லை. அந்த வேலை ஃபாரடேவிடம் வந்தது. 1827இல் ராயல் இன்ஸ்டிடியூஷனிலேயே தனி உலை கட்டினார்கள். உலையைப் பார்த்துக்கொள்ள சார்ஜென்ட் சார்லஸ் ஆண்டர்சன் என்ற ஓய்வுபெற்ற ராணுவ வீரர் வேலைக்கு வந்தார். போகச் சொல்ல ஃபாரடே மறந்துவிட்டதால், ராத்திரி முழுக்க உலையைக் கவனித்துக்கொண்டு காலையில் அங்கேயே நின்றிருந்தார் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு.

ஃபாரடே செய்ய நினைத்தது ஈயம் நிறைந்த கனமான கண்ணாடி. அது உருகும்போது மண் மூசையையே கரைத்துத் தன்னோடு கலந்துகொள்ளும். கண்ணாடியில் கோடு கோடாகக் கறை வரும். அதனால் பிளாட்டினத் தகட்டை மடித்துத் தட்டு செய்து அதில் உருக்கினார். பிளாட்டினம் 1,768 டிகிரி வரை உருகாது. கண்ணாடிக்கு அவ்வளவு சூடு தேவையும் இல்லை. அப்புறம் என்ன பிரச்னை?

பிரச்னை வந்தது. உலைப் புகையோ கரித்துகளோ உள்ளே போனால், கண்ணாடியில் இருக்கும் ஈய ஆக்சைடு வெறும் ஈயமாக மாறும். அந்த ஈயச் சொட்டு பிளாட்டினத்தோடு கலந்தால், குறைந்த சூட்டிலேயே உருகும் கலவை பிறக்கும். தட்டில் ஓட்டை. அத்தனை நாள் உழைப்பும் உலைக்குள் ஒழுகிப் போகும். ஃபாரடே தட்டை மாற்றவில்லை. உலைக்குள் இருக்கும் காற்றை மாற்றினார். கரிப்புகை தட்டுக்குப் பக்கத்தில் வராதபடி தடுத்தார், நல்ல காற்று போக வழி செய்தார். 1829இல் இதை எல்லாம் ராயல் சொசைட்டியில் விரிவாக விளக்கினார்.

இன்றைய உலைப் பொறியாளர்கள் முதலில் கேட்கும் கேள்வியே இதுதான். எத்தனை டிகிரி என்பது பாதிக் கேள்வி. உலைக்குள் என்ன வாயு, என்ன சாம்பல், என்ன உருகிய பொருள் என்பது மீதிப் பாதி.

தொலைநோக்கிக் கண்ணாடித் திட்டம் பெரிய பலன் தரவில்லை. 1831இல் ஃபாரடே அதிலிருந்து விலகினார். அதே வருடம்தான் காந்தத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் வழியைக் கண்டு உலகை மாற்றினார். ஆனா உலை வேலையும் வீண் போகவில்லை. அந்தக் கனமான கண்ணாடித் துண்டை 1845இல் ஒரு காந்தத்துக்கு நடுவில் வைத்து ஒளியைச் செலுத்தினார். ஒளியின் அதிர்வுத் தளம் திரும்பியது. ஒளிக்கும் காந்தத்துக்கும் உறவு உண்டு என்பதற்கு முதல் சான்று அது. இன்று அதற்கு ஃபாரடே விளைவு என்று பெயர்.

கண்ணுக்குத் தெரியாத தோல்

1836இல் பழைய இரும்புக் கேள்வி மறுபடியும் வந்தது. சுவிட்சர்லாந்தில் வேலை பார்த்த ஷோன்பைன் என்ற வேதியியலாளர் ஒரு விசித்திரத்தைப் பற்றி எழுதினார். தண்ணீர் கலந்த நைட்ரிக் அமிலத்தில் இரும்பு கொதித்துக் கரையும். ஆனா கெட்டியான நைட்ரிக் அமிலத்தில் போட்டால் இரும்பு சும்மா இருக்கும்! அமிலம் வீரியமானதும் இரும்புக்கு எப்படிப் பாதுகாப்பு வந்தது?

ஃபாரடேவின் விளக்கம் எளிமையானது. கெட்டி அமிலம் பட்டவுடன் இரும்பின் மேல் ஆக்சிஜன் சேர்ந்து மெல்லிய போர்வை மாதிரி ஆகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தோல் அடியில் இருக்கும் இரும்பைக் காக்கிறது. இதை எல்லோரும் உடனே ஏற்கவில்லை; பல காலம் விவாதம் ஓடியது. ஆனா துருப்பிடிக்காத எஃகைப் பற்றிய இன்றைய புரிதல் இந்த யோசனையின் மேல்தான் நிற்கிறது. உலோகம் ஆக்சிஜனோடு சேராமல் தப்பிப்பதில்லை. சேர்கிறது, சேர்ந்து உருவாகும் முதல் படலமே அடுத்த ஆக்சிஜனை உள்ளே விடாமல் கதவைச் சாத்துகிறது. இரும்புத் துரு உதிர்ந்துபோகும் தோல். குரோமியம் ஆக்சைடு ஒட்டிக்கொள்ளும் தோல். வித்தியாசம் அங்கேதான்.

பெட்டியில் கிடந்த கட்டிகள்

ஃபாரடே தன் கண்டுபிடிப்புகளை விற்றுப் பணம் பார்க்கவில்லை. ராயல் சொசைட்டி தலைவர் பதவி தேடி வந்தபோது மறுத்தார். சர் பட்டமும் வேண்டாம் என்றார். கலங்கரை விளக்கங்களைக் கவனிக்கும் டிரினிட்டி ஹவுஸுக்கு சுமார் 30 வருடம் அறிவியல் ஆலோசகராக இருந்தார். கடைசிக் காலத்தில் ஞாபக மறதி வாட்டியது. 1867 ஆகஸ்ட் 25ஆம் தேதி ஹாம்ப்டன் கோர்ட் வீட்டில் இறந்தார். ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள்.

எஃகு வேலையை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவர் வாழ்க்கையில் ஒரு தோல்வி அத்தியாயம் என்றே நினைத்தார்கள். பல வருடம் கழித்து, அவர் பெயர் எழுதிய ஒரு பழைய மரப்பெட்டியில் 79 எஃகுக் கட்டிகள் கிடைத்தன. மாங்கனீஸ் எஃகைக் கண்டுபிடித்த ஷெஃபீல்ட் விஞ்ஞானி ராபர்ட் ஹாட்ஃபீல்ட் அவற்றை வாங்கி ஆராய்ந்து, 1931இல் புத்தகமாகவே எழுதினார். நூறு வருடத்துக்கு முன்னாடி, இவ்வளவு சின்ன ஆய்வகத்தில் இத்தனை கலவைகளா என்று உலோகத் துறை வியந்தது.

அதற்குள் ஃபாரடே தேடிய பொருள் வேறு ஆட்கள் கைக்கு வந்திருந்தது. 1906இல் அமெரிக்காவின் ஆல்பர்ட் மார்ஷ், நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். சிவக்கச் சிவக்கச் சூடானாலும் எரிந்துபோகாத அந்தக் கம்பிதான் ஹீட்டர் சுருளாக வீட்டுக்குள் வந்தது. 1913இல் ஷெஃபீல்டின் ஹாரி பிரியர்லி 12.8 சதவீதம் குரோமியமும் வெறும் 0.24 சதவீதம் கார்பனும் உள்ள எஃகை உருக்கினார். குரோமியம் கூடி, கார்பன் குறைந்ததும் துருப்பிடிக்காத எஃகு பிறந்தது. ஊட்ஸ் பிறந்த மண்ணுக்கு அது திரும்பி வந்ததும் ஒரு கதைதான்: கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்து மாவட்டமான சேலத்தில், செயில் நிறுவனத்தின் ஆலை 1981 முதல் எவர்சில்வர் தகடு தயாரிக்கிறது.

இன்னைக்கு எப்படித் தேர்ந்தெடுக்கிறாங்க?

ஃபாரடே தட்டுத் தடுமாறிக் கற்ற பாடங்களை வைத்தே இன்றைய தேர்வையும் புரிந்துகொள்ளலாம்.

முதல் கேள்வி, எவ்வளவு சூடு? சாதாரண எஃகு 550 டிகிரியைத் தாண்டினாலே செதில் செதிலாக உதிரத் தொடங்கும். பாத்திரத்துக்குப் பயன்படும் 18 சதவீதக் குரோமியம், 8 சதவீத நிக்கல் எஃகு, காற்றில் சுமார் 900 டிகிரி வரை தாங்கும். 25 சதவீதக் குரோமியமும் 20 சதவீத நிக்கலும் இருந்தால் சுமார் 1,100 டிகிரி. நிக்ரோம் சுருள் 1,200 டிகிரி வரை. அதற்கும் மேலே இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த கம்பி வேண்டும். அதன் மேல் உருவாகும் அலுமினா தோல் 1,400 டிகிரி வரை காக்கும். ஊட்ஸில் ஃபாரடே தேடிய அதே அலுமினியம்! அவர் தேடிய இடம் தப்பு. பொருள் என்னவோ உலைக்கு உகந்ததாகவே அமைந்தது.

இரண்டாவது கேள்வி, உள்ளே என்ன புகை? கந்தகம் நிறைந்த புகை என்றால் நிக்கல் அதிகமுள்ள உலோகம் ஆபத்து. நிக்கலும் கந்தகமும் சேர்ந்த கலவை சுமார் 640 டிகிரியிலேயே உருகிவிடும். அங்கே குரோமியம் அதிகம், நிக்கல் குறைவு என்று எடுப்பார்கள். கார்பன் நிறைந்த வாயு என்றால் நிலைமை தலைகீழ், நிக்கல் அதிகம் தேவை. பிளாட்டினத் தட்டில் விழுந்த ஓட்டை இங்கே நினைவுக்கு வரணும்.

மூன்றாவது கேள்வி, அந்தத் தோல் ஒட்டி நிற்குமா? உலையை அடிக்கடி மூட்டி அணைத்தால் தோல் விரிந்து சுருங்கி உரியும். கரும்புச் சக்கை எரியும் பாய்லரில் இன்னொரு தொல்லை. சக்கையோடு வரும் மண்ணும் மணலும் குழாயைத் தேய்க்கும். சாம்பலில் உள்ள பொட்டாசியமும் குளோரினும் தோலைக் கரைக்கும். கல்வராயன் மலை அடிவாரத்தில் கச்சிராயபாளையத்திலும், தென்பெண்ணைப் பக்கம் மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கும் மாவட்டத்துக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. பாய்லர் குழாயின் கனத்தை அவ்வப்போது அளந்து பார்ப்பது எதற்கு என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

கடைசியாக, விலை. ரோடியம் எஃகு பிரமாதம்தான், ஆனா யாரும் வாங்கவில்லை. தேவைக்கு மேல் உசத்தியான உலோகம் வாங்கினால் பணம் வீண். தேவைக்குக் கீழே வாங்கினால் உயிருக்கே ஆபத்து. நடுவில் இருக்கும் சரியான புள்ளியைக் கண்டுபிடிப்பதுதான் தேர்வு.

ஃபாரடேவின் கட்டிகளை ஒரு பெட்டி காப்பாற்றியது. ஒவ்வொன்றும் என்ன கலவை என்று அவர் எழுதி வைத்த கட்டுரைகள் அவற்றுக்கு அர்த்தம் கொடுத்தன. அவர் தோற்ற சோதனைகள்கூட அதனால்தான் அடுத்தவருக்குப் பயன்பட்டன. மேல்சிறுவள்ளூர் உலைக்காரர்கள் ஜெயித்தவர்கள். உமி எவ்வளவு, சூடு எத்தனை நாழிகை, எப்போது துருத்தியை நிறுத்தணும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். எழுதி வைக்காததால், உடைந்த ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாம் ஊகிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஓடுகளாவது இனி மண்ணோடு மண்ணாகப் போகாமல் இருக்கணும்.